தகப்பனார் விட்டுச்சென்ற அம்பாசிடர்



தியானத்திற்கு: நீதிமொழிகள் 11:1, 22:1

பிரியமானவர்களே, பிழைப்பைத் தேடிப் பட்டணத்திற்கு வந்த நம்மில் அநேகருக்குச் சொந்த ஊரில் ஏதோ ஒன்று பூட்டிக்கிடக்கிறது. ஒருவருக்கு ஓட்டு வீடு, ஒருவருக்கு முக்கால் ஏக்கர் புஞ்சை, இன்னொருவருக்குத் தாயாரின் தையல் இயந்திரம். விற்கவும் மனம் வராது. போய்ப் பார்க்கவும் நேரம் கிடையாது. "இருக்கட்டும்" என்று சொல்லியே வருஷங்களைக் கடத்துகிறோம்.

எங்கள் குடும்பத்திற்கு அது ஒரு டீசல் அம்பாசிடர் கார். அந்தமானிலுள்ள பாராடாங் தீவில், தகரக் கொட்டகை ஒன்றில் நான்கு வருஷம் அது நின்றது. 2023-ம் ஆண்டு அதை விற்றோம். ஒரு பழைய காரை விற்பதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த விற்பனையில் மூன்று இடங்களில் என் சாட்சி நிறுக்கப்பட்டது. ஒவ்வோர் இடத்திலும் நான் தவறிப்போவதற்கு வெகு அருகில் நின்றேன். அதை மறைக்காமல் எழுதுகிறேன். உங்களில் ஒருவருக்காகிலும் இது எச்சரிப்பாக இருக்கட்டும்.

கடல் கடந்து வந்த வண்டி

போர்ட் பிளேயருக்கு வடக்கே, சாலை வழியாக ஏறக்குறைய 100 கி.மீ. தொலைவில் இருக்கிறது பாராடாங். (போர்ட் பிளேயர் 2024 முதல் ஸ்ரீ விஜய புரம் என்று அழைக்கப்படுகிறது.) சேற்று எரிமலையையும் சுண்ணாம்புக் குகைகளையும் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் அங்கே வருகிறார்கள். அந்தமான் டிரங்க் ரோட்டில் ஜிர்காடாங் சோதனைச் சாவடி வரைக்கும் போய், அங்கிருந்து ஜாரவா பழங்குடியினருக்கென்று ஒதுக்கப்பட்ட காட்டின் வழியே, குறித்த நேரங்களில் மட்டும், போலீஸ் பாதுகாப்புடன் வரிசையாகச் செல்ல வேண்டும். வழியில் வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. காடு முடியும் இடமாகிய மிடில் ஸ்ட்ரெயிட்டில் வண்டியை வாகனப் படகில் ஏற்றிக் கடலைக் கடந்தால் நீலம்பூர் ஜெட்டி. அதுதான் பாராடாங்கின் வாசல்.

அந்தத் தீவில் எங்கள் தகப்பனார் சிறிய மளிகைக் கடை வைத்திருந்தார். வங்காளிகள், ராஞ்சியிலிருந்து வந்தவர்கள், தெலுங்கர், தமிழர் என்று பல பாஷைக்காரர் வாழும் ஊர். 1991-ல் அவர் சென்னையில் 1984-ம் வருஷத்து டீசல் அம்பாசிடர் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கி, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்.

டீசல் வண்டியை அவர் தேடி வாங்கியதற்குக் காரணம் உண்டு. தீவில் மின்சாரமும் டீசலில், படகும் டீசலில். ஆகவே டீசல் எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் ஊரில் இருந்தார்கள். எங்கள் அம்பாசிடருக்குக் கடைசிவரை வைத்தியம் பார்த்தவர் ஒரு படகு மெக்கானிக்தான்.

இளம் வாசகர்களுக்காக அந்தக் காரைப் பற்றிச் சில வார்த்தைகள். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாரா தொழிற்சாலையில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950-களின் கடைசியிலிருந்து அம்பாசிடரைத் தயாரித்தது. 1980-ஐ ஒட்டி அதில் 1489 சி.சி. டீசல் எஞ்சினைப் பொருத்தினார்கள். இந்தியாவில் டீசலில் ஓடிய முதல் கார் என்று அது பெயர் பெற்றது. அதன் வலிமை ஏறக்குறைய 37 குதிரைத்திறன்தான். இன்றைய சிறிய கார்களில் பலவும் அதைவிட இரண்டு மடங்கு வலிமையுள்ளவை. காலையில் சாவியைத் திருப்பி, ஹீட்டர் பிளக் சூடாகும்வரை காத்திருந்து, அதன்பின்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அந்தச் சில விநாடிகளில் தகப்பனார் ஸ்டியரிங்கின் மேல் கைவைத்து ஜெபிப்பார். "இந்த வண்டி நம்மை ஜெபிக்க வைக்குது" என்பார்.

அந்த வண்டிக்கு அவர் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்திருந்தார். ஊற்றிய டீசல், மாற்றிய ஆயில், போன இடம், ஏறிய ஆள் எல்லாம் தேதியோடு அதில் எழுதப்பட்டிருக்கும். பிரசவ வேதனையிலிருந்த ஸ்திரீகள், பாம்பு கடித்தவர்கள், காய்ச்சலில் துவண்ட பிள்ளைகள் என்று எத்தனையோ பேர் அந்தப் பின்சீட்டில் படுத்தபடி ஜெட்டிக்கும் போர்ட் பிளேயருக்கும் போயிருக்கிறார்கள். அநேக வரிகளின் முடிவில் "காசு வாங்கவில்லை" என்று எழுதியிருந்தார்.

கடல் உள்ளே வந்த நாள்

2004 டிசம்பர் 25-ம் தேதி, கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும், நிறைமாதக் கர்ப்பிணியான ஒரு சகோதரியை அந்த வண்டியில் போர்ட் பிளேயர் ஜி.பி. பந்த் மருத்துவமனையில் சேர்த்தார் தகப்பனார். அன்றிரவு பிள்ளை சுகமாய்ப் பிறந்தது. அவர் சிப்பிகாட் பகுதியிலிருந்த ஒரு விசுவாசியின் வீட்டில் தங்கினார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணியளவில் பூமி அதிர்ந்தது. பின்பு கடல் வந்தது. வீட்டார் எல்லாரும் மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். தாழ்வான இடத்தில் நின்ற கார் சீட்டு மட்டத்துக்கு உப்புநீரில் மூழ்கியது.

உயிரோடு திரும்பினாரே என்று நாங்கள் தேவனைத் துதித்தோம். வண்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்தப் படகு மெக்கானிக் போய் எஞ்சினைப் பிரித்து, நல்ல தண்ணீரிலும் டீசலிலும் கழுவி, மீண்டும் ஓடவைத்தார். அதன்பின்னும் பதின்மூன்று வருஷத்துக்கு மேல் அது ஓடியது.

ஆனால், பிரியமானவர்களே, இரும்புக்குள் நுழைந்த உப்பு எளிதில் வெளியே வருவதில்லை. லாரிக்கும் ஜீப்புக்கும் இருப்பதுபோல அம்பாசிடருக்குத் தனியான சேஸிஸ் கிடையாது. அதன் உடம்பே அதன் எலும்பு. கதவுகளுக்குக் கீழே முன்னும் பின்னும் ஓடும் உள்கூடான தகடும், காலடித் தகடும் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. அந்தக் கூட்டுக்குள் உப்பு தங்கிவிட்டால், மேலே பெயிண்ட் பளபளக்கும்; உள்ளே தகடு காகிதமாகும். மனுஷனுடைய இருதயமும் அப்படித்தான் என்பதை நான் பிறகு கற்றுக்கொண்டேன்.

என் இருதயத்தில் நின்ற நிகுஸ்தான்

2019-ல் தகப்பனார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மூத்த அண்ணன் தூத்துக்குடியில், நான் சென்னையில், தங்கை திருமணமாகி வேலூரில். தாயார் மாத்திரம் பாராடாங்கை விட்டு வர மறுத்துவிட்டார்கள்.

"தம்பி, வண்டியை வித்துடுங்க. கொட்டகைக்குள்ள பாம்பு வருது" என்று முதல் வருஷமே அவர்கள் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. "அப்பாவோட ஞாபகம்மா அது" என்றேன். சென்னையில் அலுவலக நண்பர்களிடம் அந்தக் காரின் படத்தைக் காட்டிப் பெருமையாகப் பேசுவேன். ஆனால் நான்கு வருஷத்தில் அதற்காக ஒரு ரூபாய் அனுப்பியதில்லை. டயர்கள் உட்கார்ந்துவிட்டன. பேட்டரி செத்துவிட்டது. ஞாபகம் என்று நான் சொன்ன பொருளை வயதான தாயார்தான் சனிக்கிழமைதோறும் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் குடும்ப ஜெபத்தில் 2 இராஜாக்கள் 18-ம் அதிகாரத்தை வாசித்தோம். வனாந்தரத்தில் மோசே உயர்த்தின வெண்கலச் சர்ப்பம் தேவன் சொல்லிச் செய்யப்பட்டது. அதை நோக்கிப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். ஆனால் அதன் வேலை முடிந்த பிறகும் ஜனங்கள் அதை வைத்திருந்து, அதற்குத் தூபம் காட்டினார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான். தேவன் பயன்படுத்திய பொருளாயிருந்தாலும், வேலை முடிந்த பின் அதைப் பற்றிக்கொள்வது கண்ணியாகிவிடும்.

தாயார் அந்தக் காரை விக்கிரகமாக்கவில்லை. அவர்கள் தூசியைத்தான் துடைத்தார்கள். தூபம் காட்டினவன் நான். அன்று இரவே அண்ணனுக்குப் போன் செய்து, "வித்துடலாம்" என்றேன்.

முதலாம் சோதனை: மரித்தவரின் கையெழுத்து

விற்கலாம் என்று தீர்மானித்த பிறகுதான் காகிதங்களைப் பார்த்தோம். ஆர்.சி. புத்தகம் தகப்பனார் பெயரிலேயே இருந்தது. 2019-ல் பதிவும் காலாவதியாகியிருந்தது.

சென்னையில் பழைய கார்களை வாங்கிச் சேர்க்கும் ஒருவர் படங்களைப் பார்த்து ரூ.1,60,000 தருவதாகச் சொல்லியிருந்தார். அவரை அறிமுகப்படுத்திய தரகர் என்னிடம், "இதுக்குப் போய் யோசிக்கிறீங்களே சார்! 29, 30 ரெண்டு பாரத்துலயும் உங்க அப்பா கையெழுத்தை நீங்களே போட்டுடுங்க. தேதியை 2018-னு போட்டா வேலை முடிஞ்சது. யாரு பார்க்கப் போறா?" என்றார்.

வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: அன்று மாலை நான் ஒரு வெள்ளைத்தாளில் தகப்பனாரின் கையெழுத்தைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. மூன்றாம் முறை எழுதும்போது கை நின்றுவிட்டது. இந்தக் கையெழுத்தின் கீழேதான் "காசு வாங்கவில்லை" என்ற வரிகள் இருக்கின்றன. அதே கையெழுத்தைக் கொண்டு பொய் சொல்லப்போகிறேனா? பரிசுத்த ஆவியானவர் என்னைக் கடிந்துகொண்டார். தாளைக் கிழித்துப்போட்டேன்.

நேர்வழி நீளமானதுதான், ஆனால் இருக்கிறது. வாகன உரிமையாளர் இறந்தால் வாரிசு 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் நான்கு வருஷம் தூங்கிவிட்டோம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பிள்ளைகள் மூவரின் சம்மதக் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்து முதலில் தாயாரின் பெயருக்கு மாற்றினோம். பதிவைப் புதுப்பிக்க வண்டியை அதிகாரியிடம் காட்ட வேண்டும். பதிவு இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது என்பதால், லாரியில் ஏற்றிக் காட்டு வழியே போர்ட் பிளேயருக்குக் கொண்டுபோனோம். 15 வருஷத்துக்கு மேற்பட்ட காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் ரூ.600-லிருந்து ரூ.5,000 ஆகியிருந்தது. தாமதக் கட்டணம் வேறு. எல்லாம் முடிய ஐந்து மாதம் ஆனது.

எரேமியா 32-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். நகரம் முற்றுகையில் இருக்கிறது. தீர்க்கதரிசி காவலில் இருக்கிறார். அப்படியிருந்தும் ஆனதோத்தின் நிலத்தை வாங்கும்போது அவர் 17 சேக்கல் வெள்ளியை நிறுத்து, பத்திரம் எழுதி, முத்திரையிட்டு, சாட்சிகளை வைத்து, முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த பத்திரத்தையும் மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொன்னார். எருசலேம் விழப்போகிற வேளையிலும் தேவமனிதர் காகிதத்தில் குறைவைக்கவில்லை. "ஆவிக்குரியவர்களுக்குப் பேப்பர் எதற்கு" என்று பேசுகிற நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் சோதனை: பட்டி வைத்து மறைக்கலாமா?

காகிதம் சரியானது. இப்போது காரின் காரியம்.

போர்ட் பிளேயரில் டிங்கர் ஒருவர் காலடித் தகட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். இரண்டு இடங்களில் சுத்தியல் உள்ளே போய்விட்டது. கதவுக்குக் கீழுள்ள தகடு உட்புறமாக அரித்திருந்தது. பதிவுக்குக் காட்டுமுன் அவ்விடங்களில் தகடு வைத்து வெல்டிங் செய்தோம். ஆனால் கூட்டுக்குள்ளிருந்த துருவை முழுவதும் நீக்க வேண்டுமானால் உடம்பையே பிரிக்க வேண்டும் என்றார் அவர். "பட்டி வச்சு பெயிண்ட் அடிச்சிட்டா வாங்குறவருக்குத் தெரியாது" என்றும் சொன்னார்.

சென்னையில் இருந்தவர் போனில் மூன்று கேள்விகள் கேட்டார். எஞ்சின் வண்டியோடு வந்ததுதானா? ஆம். எண் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருக்கிறதா? ஆம். மூன்றாவதாக, "தீவுலயே இருந்த வண்டி. துரு ஏதும் உண்டா?" என்றார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. "பார்த்துட்டு கூப்பிடுறேன்" என்றேன். அண்ணனிடம் பேசினேன். "துரு கொஞ்சம் இருக்கு, வெல்டிங் பண்ணியாச்சுன்னு சொல்லு. அது உண்மைதானே? சுனாமித் தண்ணி கதையெல்லாம் அவரு கேக்கலையே. கேக்காததை நீயா எதுக்குச் சொல்ற தம்பி?" என்றார் அண்ணன். நியாயமாகத்தான் தோன்றியது. நாம் எல்லாரும் இப்படித்தானே வாழ்கிறோம்? பொய் சொல்லமாட்டோம். ஆனால் உண்மையில் பாதியை மடித்துப் பையில் வைத்துக்கொள்வோம்.

தாயார்தான் அந்த நோட்டுப்புத்தகத்தை எடுத்துவந்து என் முன்பாக வைத்தார்கள். "26.12.2004. சிப்பிகாட். கடல்நீர் சீட்டு வரை. ஜீவன் தந்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று தகப்பனாரின் எழுத்தில் இருந்தது. "உங்க அப்பா எழுதி வச்சதை நீ எப்படி மறைப்ப?" என்று கேட்டார்கள். வேறொன்றும் சொல்லவில்லை.

நிறைகல்லைப் பற்றி வேதம் பேசும்போது நாம் கடைக்காரரைத்தான் நினைக்கிறோம் (லேவியராகமம் 19:35, 36). ஆனால் விற்கிறவன் அறிந்திருக்கிற குறையை வாங்குகிறவன் அறியாதிருந்தால், அங்கே தராசு சாய்ந்திருக்கிறது. துருப்பிடித்த தகட்டை நம்பி ஒருவர் தன் மனைவி பிள்ளைகளோடு நெடுஞ்சாலையில் போவார் என்பதை நினைத்தபோது எனக்கு நடுக்கம் உண்டாயிற்று. தகப்பனார் எத்தனையோ உயிர்களைச் சுமந்து காப்பாற்றிய வண்டி அது. அதே வண்டியால் ஓர் உயிர் போக நான் காரணமாகலாமா?

நோட்டின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். டிங்கர் சொன்னதையும், உடம்பைப் பிரித்துச் சரிசெய்யும்வரை தூரப் பயணத்துக்கு எடுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்து எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. "போச்சு" என்றார் அண்ணன். மூன்றாம் நாள் அவர் அழைத்தார்.

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஏன் சொன்னீங்க?"

அவர் ஆண்டவரை அறியாதவர். நான் நீண்ட பிரசங்கம் செய்யவில்லை. "எங்க அப்பா வணங்கின இயேசுவைத்தான் நானும் வணங்குறேன் ஐயா. அவரு முன்னாடி மறைக்க முடியாது" என்றேன். சற்று நேரம் அமைதியாக இருந்தார். பிறகு, உடம்பு வேலைக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டு ரூ.1,05,000-க்கு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ரூ.55,000 குறைந்தது. உண்மையின் விலை சில வேளைகளில் ரூபாயிலேயே தெரியும். ஆனாலும் அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாம் சோதனை: தங்கையின் பங்கு

பதிவு, வெல்டிங், லாரி, கப்பல் செலவுகள் போக ரூ.90,000 மிஞ்சியது. அதை அண்ணனும் நானும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டு, அவரவர் பங்கிலிருந்து தாயாருக்கு ஏதாவது கொடுப்பதென்று பேசிக்கொண்டோம். "தங்கச்சிக்குக் கல்யாணத்துலயே நகை போட்டாச்சே" என்று இருவரும் சொன்னோம். சம்மதக் கடிதத்தில் அவளும் கையெழுத்திட்டிருந்தாள் என்பது எங்கள் நினைவுக்கு வரவே இல்லை.

எங்கள் போதகரிடம் இதைச் சொன்னபோது அவர் எண்ணாகமம் 27-ம் அதிகாரத்தைத் திறந்து என் கையில் கொடுத்தார். செலோப்பியாத்தின் குமாரத்திகள் மோசேக்கு முன்பாக வந்து தங்கள் தகப்பனின் சுதந்தரத்தைக் கேட்டார்கள். அவர்கள் கேட்பது சரியே என்று கர்த்தர்தாமே தீர்ப்புச் சொன்னார். தேசத்தின் சட்டமும் அதற்கு இசைந்தே இருக்கிறது. 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற வேற்றுமை அதில் இல்லை.

ஆகவே தாயாருக்கு ரூ.30,000, அண்ணனுக்கும் எனக்கும் தங்கைக்கும் தலா ரூ.20,000. தங்கைக்குப் பணம் போய்ச் சேர்ந்ததும் அவள் போனில் அழுதாள். "அண்ணா, பணத்துக்காக இல்ல. அப்பா வண்டியில எனக்கும் பங்கு இருந்துச்சுன்னு நீங்க நெனச்சீங்களே!" என்றாள். இத்தனை வருஷம் அவள் மனதில் என்ன இருந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன். தாயார் தம் பங்கில் தசமபாகத்தை எடுத்து வைத்த பிறகே மீதியைத் தொட்டார்கள்.

அனனியாவும் சப்பீராளும் நிலத்தை விற்றது பாவமல்ல. விலையில் ஒரு பகுதியை வைத்துக்கொண்டதுகூடப் பாவமென்று பேதுரு சொல்லவில்லை. விற்ற தொகையைப் பற்றிப் பொய் சொன்னதே பாவம் (அப்போஸ்தலர் 5). குடும்பச் சொத்தை விற்கும் சகோதர சகோதரிகளே, விற்ற விலையை எல்லாரும் அறியச் சொல்லுங்கள். அநேக குடும்பங்கள் பணத்தால் உடையவில்லை, மறைத்ததால் உடைந்தன.

பழைய வண்டியை விற்க இருக்கிறவர்களுக்கு

எங்கள் அனுபவத்திலிருந்து சில ஆலோசனைகள்:

1. முதலில் ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் இருக்கிறது, எதுவரை செல்லும் என்று பாருங்கள். உரிமையாளர் இறந்திருந்தால் படிவம் 31-ன் மூலம் பெயர் மாற்றாமல் யாரிடமும் முன்பணம் வாங்காதீர்கள்.

2. விற்கும்போது படிவம் 29, 30 இரண்டையும் நீங்களே நிரப்பி, தேதியிட்டுக் கையெழுத்திடுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுத் தரகரிடம் கொடுக்காதீர்கள். வெளிமாநிலத்துக்குப் போகும் வண்டியானால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வேண்டும். வங்கிக் கடன் இருந்திருந்தால், அது தீர்ந்தது என்று படிவம் 35-ன் மூலம் ஆர்.சி.யில் பதிவு செய்யுங்கள்.

3. பெயர் மாறும்வரை பொறுப்பு உங்களுடையதே. விற்கப்பட்டுப் பல கை மாறியும் ஆர்.சி.யில் பெயர் மாறாத ஒரு வண்டியால் நேர்ந்த விபத்து வழக்கில், பதிவேட்டில் பெயருள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டியை ஒப்படைத்த தேதியையும் மணியையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள்.

4. பழையது என்பதாலேயே பெரும் விலை வராது. 2021-ல் வந்த விதிப்படி 50 வருஷத்துக்கு மேற்பட்ட, மாற்றம் செய்யப்படாத வாகனங்களே வின்டேஜ் வாகனமாகத் தனிப்பதிவு பெறும். பதிவைப் புதுப்பிக்கும் செலவும் ஏறிவருகிறது. 20 வருஷத்தைத் தாண்டிய கார்களுக்கு 2025-ல் அது ரூ.10,000 ஆக உயர்த்தப்பட்டது. தாமதிக்கும் ஒவ்வொரு வருஷமும் விலை குறைந்து, செலவு கூடுகிறது.

5. தலைநகரில் வாழும் நம் ஜனங்கள் கவனிக்கவும்: 10 வருஷத்தைத் தாண்டிய டீசல் வாகனங்கள் டெல்லிப் பகுதியில் ஓடுவதற்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் தடை விதித்தது, 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஊரிலிருக்கும் பழைய டீசல் காரை அங்கே கொண்டுபோக நினைக்கிறவர்கள் முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள்.

6. வண்டியின் குறைகளை எழுதி, வாங்குகிறவரின் கையெழுத்தோடு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அது அவருக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

7. வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாங்கும்போது மட்டமாகப் பேசி, வாங்கிய பின் பெருமையடிக்கிற மனுஷனை நீதிமொழிகள் 20:14 நமக்குக் காட்டுகிறது. எப்பெரோன் 400 சேக்கல் கேட்டபோது ஆபிரகாம் பேரம் பேசாமல், ஜனங்கள் கேட்க வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார் (ஆதியாகமம் 23). வாங்குகிறவனுக்கும் சாட்சி உண்டு.

பெயர் மாத்திரம் மிஞ்சும்

2014 மே மாதம் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் தயாரிப்பு நின்றுபோனது. 2017-ல் "அம்பாசிடர்" என்ற பெயரை மாத்திரம் பிரான்ஸ் நாட்டு பெஜோ நிறுவனம் ரூ.80 கோடிக்கு வாங்கியது. தயாரிப்பு நின்று மூன்று வருஷம் ஆகியும் பெயருக்கு அத்தனை விலை! திரண்ட ஐசுவரியத்தைப் பார்க்கிலும் நற்கீர்த்தியே மேலானது என்று சாலொமோன் ஞானி சொன்னது எத்தனை உண்மை! தகப்பனாரின் காருக்கு விலை ஒரு லட்சத்துச் சொச்சம். அவருடைய கையெழுத்துக்கு விலை என்ன? அதை நான் விற்காதபடிக்கு ஆண்டவர் தடுத்தார்.

வண்டியைக் கப்பலில் ஏற்றிய நாளில் தாயாரும் போர்ட் பிளேயருக்கு வந்திருந்தார்கள். ஏற்றுமுன் ஒருமுறை பானெட்டின் மேல் கைவைத்துக் கண்ணை மூடினார்கள். அழுவார்கள் என்று நினைத்தேன். "வண்டி போகட்டும் தம்பி. நோட்டை எங்கிட்ட குடு" என்றார்கள்.

யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர் நதியையா தூக்கிக்கொண்டு போனார்கள்? பன்னிரண்டு கற்களைத்தான் எடுத்துப்போனார்கள். பிள்ளைகள் கேட்கும்போது, தேவன் செய்ததைச் சொல்வதற்கு அது போதுமானதாயிருந்தது (யோசுவா 4). எங்களுக்கு அந்த நோட்டுப்புத்தகம் போதும். இப்போது விடுமுறைக்குப் பாராடாங் போகும் என் பிள்ளைகள் பாட்டியின் மடியில் உட்கார்ந்து, ஒரு தேதியைத் தொட்டு, "இது யாரு பாட்டி?" என்று கேட்கிறார்கள். தாயார் சொல்லத் தொடங்குகிறார்கள்.

அன்பானவர்களே, உங்கள் ஊரில் பூட்டிக்கிடப்பது எது? அதை நீங்கள் வைத்திருக்கிறீர்களா, அல்லது அது உங்களை வைத்திருக்கிறதா? விற்க வேண்டியதானால் உண்மையோடு விற்றுவிடுங்கள். பங்கிட வேண்டியதானால் ஒருவரையும் விட்டுவிடாமல் பங்கிடுங்கள். வைத்துக்கொள்ள வேண்டியதானால் அதற்குரிய செலவையும் கவனிப்பையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். வயதான பெற்றோர் மேல் அந்தப் பாரத்தைச் சுமத்தாதிருங்கள்.

ஜெபம்: பரலோக பிதாவே, எங்கள் முன்னோர் மூலமாய் நீர் தந்த எல்லா நன்மைகளுக்காகவும் உமக்கு ஸ்தோத்திரம். வாங்குவதிலும் விற்பதிலும் எங்கள் கைகளைச் சுத்தமாகக் காத்துக்கொள்ளும். பங்கிடுகையில் எங்கள் சகோதர சிநேகம் குறையாதிருக்கட்டும். நாங்கள் கடந்துபோன பின்பு எங்கள் பிள்ளைகள் எங்கள் கையெழுத்தைப் பார்த்து வெட்கப்படாதபடி கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே. ஆமென்.